19 அடி நீளம், ஏழரை அடி அகலம்: திருவல்லிக்கேணிப் போர்ஷன் ஒன்று படுக்கையறை ஆனது எப்படி

கிழக்கு மேற்காக 19 அடி. வடக்கு தெற்காக வாசல் பக்கம் 7 அடி 8 அங்குலம், கொல்லைப் பக்கம் 7 அடி 5 அங்குலம். இரண்டு நீளச் சுவர்களிலும் ஜன்னல் கிடையாது. வடக்கே பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், தெற்கே இதே வீட்டின் கூடம். காற்றும் வெளிச்சமும் வர மேற்கே கொல்லையைப் பார்த்த மூன்றடி ஜன்னல் ஒன்று, கிழக்கே கதவுக்கு மேல் ஒரு வென்டிலேட்டர், அவ்வளவுதான். இதை எழுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதிக்குப் படுக்கையறையாக்கித் தர வேண்டும். அதுதான் வேலை.

இந்த அகலம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் பல முடிவுகளுக்குக் காரணம் அதில்தான் இருக்கிறது. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மனைகள் முகப்பு குறுகி உள்ளே நீண்டு போகும். பக்கவாட்டில் வீடுகளுக்கு நடுவே இடைவெளி இருக்காது. அப்படியொரு வீட்டில் 16 அடி அகலக் கூடத்தின் நடுவே நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்றை எழுப்பி, ஒரு பாதியைக் குடித்தனத்துக்கு விட்டிருக்கிறார்கள். ஒண்டுக்குடித்தனம் நடந்த காலத்தில் ஒரு குடும்பமே இந்தப் பாதிக்குள் வாழ்ந்திருக்கிறது. முன்பக்கம் கூடம், நடுவில் படுக்கை, கடைசி ஐந்தடி சமையல். குடித்தனக்காரர்கள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அதன்பின் அறை வேண்டாத சாமான்களின் கிடங்காக இருந்தது. மாடிப்படி ஏற முடியாமல் போனதும் பெரியவர்கள் இருவரும் கீழே வந்துவிட முடிவு செய்தார்கள். மாடியில் இப்போது மகன் குடும்பம்.

ஒரு தகவல். இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்புப்படி, ஒரே ஒரு வாழும் அறை உள்ள வீட்டில் அந்த அறையின் அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டாவது அறை என்றால் 2.1 மீட்டர் போதும். நம் அறை வாசல் பக்கம் சுமார் 2.34 மீட்டர். அதாவது ஒரு குடும்பம் முழுக்க வாழ்ந்த இடம் இன்றைய கணக்கில் தனி வீடாகத் தேறாது, படுக்கையறையாகத் தேறிவிடும். நமக்குத் தேவையும் அதுதான்.

அளவெடுக்கப் போனபோது உள்ளே இருந்தவை: ஒரு இரும்பு பீரோ (3 அடி அகலம், 19 அங்குல ஆழம், கதவில் கண்ணாடி), வீட்டுக்கார அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்த கடைசல் கால் தேக்குக் கட்டில், கால் மிதித்து ஓட்டும் தையல் மெஷின், கொலு பொம்மைப் பெட்டிகள், இரண்டு சூட்கேஸ். பீரோவும் கட்டிலும் மெஷினும் போகாது என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நல்லது. எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தால் பாதி வரைபடம் தானாகவே விழுந்துவிடும்.

பெரியவருக்கு இரவில் இரண்டு மூன்று முறை பாத்ரூம் போக வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி. பாத்ரூம் மேற்குக் கோடியில், பழைய சமையல் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. வடக்கே தலை வைத்துப் படுப்பதில்லை என்பதில் இருவரும் ஒற்றுமை. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு வரைகிற வடிவமைப்பாளர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தூங்கப் போகிறவர்கள் அவர்கள்.

ஆசாரியின் திட்டம்

எனக்கு முன்பே ஒரு ஆசாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். "நீளச் சுவர் சும்மா கெடக்குது சார், முழுக்க ஷட்டர் அடிச்சுடலாம்" என்றாராம். வடக்குச் சுவரை ஒட்டி 12 அடி நீளம், 7 அடி உயரம், 2 அடி ஆழத்துக்கு ஒரு பிளைவுட் அலமாரி. அது முடிகிற இடத்தில், அதே சுவரை ஒட்டி, ஒரு குயின் சைஸ் கட்டில். மகனும் அதைத்தான் விரும்பினார். மெத்தையைத் தூக்கினால் அடியில் சாமான் வைக்கும் வகைக் கட்டிலை இணையத்தில் பார்த்து வைத்திருந்தார்.

இந்தத் திட்டம் காகிதத்தில் பொருந்தியது. குயின் மெத்தை என்றால் 78க்கு 60 அங்குலம், சட்டத்தோடு சேர்த்து ஏறக்குறைய 81க்கு 63. அலமாரி 144, கட்டில் 81, கூட்டினால் 225 அங்குலம். அறை நீளம் 228. மூன்று அங்குலம் மிச்சம். மனை விற்பவர் சிற்றேட்டில் போட்டுக் காட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆனால் கட்டில் ஓரம் நடக்க மிஞ்சுவது வாசல் பக்க அளவில் 29 அங்குலம், கொல்லைப் பக்க அளவில் 26. நடந்துவிடலாம், அது பிரச்சினையில்லை. சுவரோரம் படுப்பவர்தான் சிக்கிக்கொள்வார். அவர் எழுந்து போக வேண்டுமென்றால் மற்றவரைத் தாண்ட வேண்டும், அல்லது கால்மாட்டுக்கு ஊர்ந்து வந்து இறங்க வேண்டும். முப்பது வயதில் இது ஒன்றுமில்லை. முட்டிவலியோடு இரவு இரண்டு மணிக்கு இது பெரிய காரியம்.

கட்டிலைக் குறுக்கே திருப்பினால்? 92 அங்குலத்தில் 81 போய்விடும். மிஞ்சுகிற 11 அங்குலத்தில் பூனைதான் போகும். அதோடு தலைமாடு வடக்கே போகும், அல்லது தெற்குச் சுவரில் வைத்தால் பாத்ரூம் வழி அடைபடும். குட்டைச் சுவரில் தலைமாடு வைத்து இரண்டு பக்கமும் வழி விட்டால் பக்கத்துக்கு 14 அங்குலம்தான். அதற்கும் குட்டைச் சுவர்கள் இரண்டிலும் வாசல் இருக்கிறது. ஆக, ஐந்தடிக் கட்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்த இருவருக்கு ஒத்துவராது.

அலமாரியிலும் எனக்கு மறுப்பு இருந்தது. 12 அடிக்கு 7 அடி என்பது 84 சதுர அடி லேமினேட் முகப்பு. அறைக்குள் நுழைந்தவுடன் இடது பக்கம் வெறும் சுவர், வலது பக்கம் ஒரு நீண்ட பலகை, நேரே பாத்ரூம் கதவு. அறை என்கிற எண்ணமே வராது. அதைவிட முக்கியம், யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பது. அம்மாவின் உயரம் ஐந்தடி. அவர் கை சிரமமில்லாமல் எட்டுவது ஐந்தரை அடி வரை. குனிந்து எடுக்க முட்டி விடாது என்பதால் இரண்டடிக்குக் கீழே உள்ளதும் கணக்கில் வராது. ஏழடி அலமாரியில் அவருக்குப் பயன்படுவது நடுவில் உள்ள மூன்றரை அடி, சரியாகப் பாதி. பாதிக்கு மேல் யாருக்காகச் செய்வது?

முதலில் வழி, பிறகு கட்டில்

நீண்டு குறுகிய அறைகளில் எல்லோரும் கட்டிலை எங்கே போடுவது என்று ஆரம்பிக்கிறார்கள். நான் நடக்கும் வழியை முதலில் வரைந்துவிடுவேன். இப்படிப்பட்ட அறையில் ஆள் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு நடந்துகொண்டே இருப்பார். அந்த வழி வளைந்து வளைந்து போனால், எவ்வளவு காலியிடம் இருந்தாலும் அறை நெருக்கமாகத்தான் தெரியும். நேராகப் போனால் குறைந்த இடத்திலும் மூச்சு விடலாம்.

இங்கே ஒரு அதிர்ஷ்டம். கிழக்கு வாசல் தென்கிழக்கு மூலையில், பாத்ரூம் வாசல் தென்மேற்கு மூலையில். இரண்டும் தெற்குச் சுவரை ஒட்டி ஒரே நேர்கோடு. ஆகவே தெற்குச் சுவரோரம் முழுக்க வழிக்கு, வடக்குச் சுவரோரம் முழுக்கச் சாமானுக்கு என்று கோடு கிழித்தாயிற்று. வாசல்கள் எதிரெதிர் மூலைகளில் இருந்திருந்தால் வழி அறையைக் கோணலாக வெட்டியிருக்கும். அப்படியான வீடுகளில் ஒரு கதவை இரண்டடி நகர்த்துவதற்குச் செலவழிக்கும் பணம், எந்த நாற்காலி மேஜைக்கும் செலவழிப்பதைவிடப் பலன் தரும்.

கதவை நகர்த்துவது பற்றி இங்கேயும் பேச்சு வந்தது. கூடத்திலிருந்து தெற்குச் சுவரின் நடுவில் புது வாசல் திறந்தால் அறைக்குள் நடுவில் நுழையலாம், நடை தூரம் பாதியாகும். நீளமான அறைக்கு நடுவாசல் போல நல்லது இல்லை. ஆனால் இது மெட்ராஸ் டெரஸ் வீடு. மரக்கட்டைகள் வடக்கு தெற்காக 16 அடிக்கு ஓடுகின்றன. அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்திருக்கிறார்கள். நடுவில் எழுப்பிய சுவர் தடுப்புக்காக வந்ததுதான். ஆனால் வருஷக்கணக்கில் கட்டைகள் நடுவில் கொஞ்சம் தொய்ந்து, இப்போது அந்தச் சுவரின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. மேஸ்திரி ஏணி போட்டு மேலே பார்த்துவிட்டு, சுவருக்கும் கட்டைக்கும் நடுவே ரம்பத் தகடுகூட நுழையவில்லை என்றார். தடுப்புச் சுவர் என்ற பெயரில் நின்றுகொண்டு பாரம் தாங்கும் சுவர்களைத் தொடக் கூடாது. விட்டுவிட்டோம்.

இரண்டு கட்டில், ஒரே வரிசை

என் யோசனை இது. ஐந்தடிக் கட்டில் வேண்டாம். மூன்றடிக் கட்டில் இரண்டு, வடக்குச் சுவரோரம் ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டின் தலைமாடும் நடுவில் சந்திக்க, இடையில் ஒன்றரை அடியில் ஒரு மேஜை. மேற்குக் கட்டிலில் படுப்பவருக்குத் தலை கிழக்கே, கிழக்குக் கட்டிலில் படுப்பவருக்குத் தலை மேற்கே. யாருக்கும் வடக்கு இல்லை. இருவருக்கும் இறங்க முழுப் பக்கமும் திறந்திருக்கும். ஒருவர் எழுந்தால் மற்றவரின் மெத்தை அசையாது.

அம்மா கேட்டதும் முகம் மாறிவிட்டது. "கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. இப்பப் போய்த் தனிக் கட்டிலா? ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும்."

பெரியவர் சிரித்துக்கொண்டே, "உனக்குத்தான் நல்லது. நான் எழுந்திருக்கிறப்பல்லாம் நீயும் எழுந்திருக்கிற" என்றார்.

"நான் எப்ப சொன்னேன் கஷ்டமா இருக்குன்னு?"

இதில் வடிவமைப்பாளருக்கு வேலையில்லை. நான் கூடத்துக்குப் போய் டீ குடித்தேன்.

வார்டு மாதிரி இருக்கும் என்ற பயம் நியாயமானதுதான். ஒரே மாதிரி இரண்டு கட்டில், ஒரே நிறப் போர்வை, வரிசையாகப் போட்டால் அப்படித்தான் தெரியும். இங்கே ஒரு கட்டில் ஏற்கெனவே இருந்தது, கடைசல் கால் தேக்குக் கட்டில், வெளி அளவு 6 அடி 2 அங்குலத்துக்கு 3 அடி 2 அங்குலம். இன்னொன்றை அதே அளவில், ஆனால் அதைப் பார்த்து நகல் எடுக்காமல், நேரான கால்களோடு தேக்கில் செய்யச் சொன்னோம். மரம் ஒன்றுதான், வயதும் வடிவமும் வேறு. அது போதும்.

வரைபடத்தில் பார்த்து யாரும் முடிவு செய்ய முடியாது என்பது என் அனுபவம். செய்தித்தாள்களை ஒட்டி, கட்டில் மேஜை பீரோ எல்லாவற்றையும் நிஜ அளவில் வெட்டித் தரையில் விரித்தோம். கட்டில் உயரத்துக்கு இரண்டு ஸ்டூல். முதலில் ஆசாரி சொன்ன திட்டம், பிறகு இது. இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, படுத்த இடத்திலிருந்து பாத்ரூம் வரை நடந்து பார்க்கச் சொன்னேன். முதல் திட்டத்தில் பெரியவர் கால் பேப்பரை இரண்டு இடத்தில் கிழித்தது. அலமாரியின் ஷட்டர் திறந்திருப்பதாகக் காட்ட வைத்த அட்டையில் அம்மா முட்டிக்கொண்டார். இரண்டாவதில் பேப்பர் அப்படியே கிடந்தது. அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. இந்தச் சோதனைக்கு ஆகிற செலவு ஒரு ரோல் டேப். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கணினியில் படம் போட்டுப் பார்ப்பதைவிட இது உண்மை சொல்லும்.

யாருக்கு எந்தக் கட்டில் என்பதில் ஒரு சிறு சிக்கல். பழைய கட்டிலின் சட்டம் 17 அங்குல உயரம். ஐந்து அங்குல மெத்தை போட்டால் 22. பெரியவர் உயரமானவர், அவருக்குச் சரியாக இருந்தது. அம்மா உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. படுக்கையில் உட்காரும்போது பாதம் முழுதும் தரையில் பதிந்து, முட்டி ஏறக்குறைய நேர்கோணத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுந்திருக்கும்போது முன்னால் சரிய நேரிடும். அம்மாவுக்கு 19 அங்குலம் பொருந்தியது. பிறந்த வீட்டுக் கட்டிலின் காலை வெட்டுவதா? அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் அவரே, "என் கட்டில்ல நீங்க படுத்துக்கோங்க, பரவால்ல" என்று கணவருக்கு விட்டுக்கொடுத்தார். புதுக் கட்டிலை 14 அங்குலச் சட்டத்தில் செய்தோம். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை நடு மேஜை மறைத்துவிடுகிறது.

கணக்கு இப்படி வந்தது. கட்டில் 74, மேஜை 18, கட்டில் 74, ஆக 166 அங்குலம். கிழக்கே மிச்சம் 62 அங்குலம். அகலத்தில், கட்டில் 38, சுவரிலிருந்து தள்ளிப் போட 3, மீதி வழி வாசல் பக்கம் 51, கொல்லைப் பக்கம் 48. நான்கு அடி வழி! ஏழரை அடி அறையில் இது ஆடம்பரம். பேரக்குழந்தைகள் கீழே வந்தால் அந்த வழியிலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள்.

கிழக்குக் கோடி

மிஞ்சிய 62 அங்குலத்தைத் துணி மாற்றும் இடமாக்கினோம். கிழக்குச் சுவரில் கதவு போக சுமார் நாலே முக்கால் அடி வெறும் சுவர் இருந்தது. பீரோவை நீளச் சுவரில் சாய்க்காமல், இந்தக் குட்டைச் சுவரில் முதுகை வைத்து மேற்குப் பார்க்க நிறுத்தினோம். பக்கத்தில் எஞ்சிய இடத்தில், பீரோவின் அதே 19 அங்குல ஆழத்துக்கு, திறந்த தட்டுகள் கொண்ட ஒரு சிறு அலமாரி. தினமும் எடுக்கும் துணிகள் அதில், இரண்டடிக்கும் ஐந்தரை அடிக்கும் நடுவில். பட்டுப்புடவையும் பத்திரங்களும் பீரோவில்.

மேலே பரண். அறை உயரம் பத்தரை அடி என்பதால் ஏழடிக்கு மேல் நிறைய இடம். கொலு பொம்மைப் பெட்டிகள் வருஷத்துக்கு ஒரு முறைதான் இறங்கும், அதையும் மகன்தான் இறக்குவார். பரணை நீளச் சுவரில் ஓட்டாமல் குட்டைச் சுவரோடு முடித்ததில் கண்ணுக்கும் ஒரு லாபம். கட்டிலிலிருந்து பார்த்தால் அந்தக் கோடி கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறது, அறை நீளம் குறைந்தது போலத் தோன்றுகிறது. நீளமான அறைகளுக்கு என் பொது விதியே இதுதான்: கனமானதைக் குட்டைச் சுவரில் போடு, நீளச் சுவரை விட்டுவிடு.

கதவு உள்பக்கம் திறந்து தெற்குச் சுவரில் படியும். அது முடிகிற இடத்திலிருந்து தையல் மெஷின். எதிரே கட்டில் கிடையாது என்பதால் வழியை அடைக்கவில்லை. பின்னாளில் சக்கர நாற்காலி வந்தாலும் மெஷினை மட்டும் எடுத்துவிட்டால், முன்னும் பின்னுமாக நகர்த்தி அங்கேயே திருப்பிக்கொள்ளலாம். இதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. மகனிடம் மட்டும் சொன்னேன்.

வடக்குச் சுவர்

இந்த வீட்டில் மிக அதிக நேரம் வாங்கியது கட்டிலோ பீரோவோ இல்லை, இந்தச் சுவர்தான். தரையிலிருந்து மூன்றடி வரை ஓதம். பெயிண்ட் கொப்பளித்து, தட்டினால் மாவு மாதிரி கொட்டியது. மெரினா கூப்பிடு தூரம், பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அடியில் ஈரம் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. ஈரம் காயும்போது உப்பு மேலே பூத்து, காரையைத் தள்ளுகிறது.

முன்பு வந்தவர்கள் அதன்மேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துச் சரிசெய்ததாக நினைத்திருக்கிறார்கள். சுவருக்கு மூச்சு விட வழியில்லை என்றால் ஈரம் போய்விடாது. மூடிய இடத்தைத் தாண்டி மேலே ஏறும். இங்கே அதுதான் நடந்தது. நாங்கள் நாலடி வரை சிமெண்டையும் பெயிண்டையும் சுரண்டி எடுத்தோம். ஈரம் காய விட்டு, பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும் என்பதால் ஆட்களை அருகிலேயே நின்று தடுக்க வேண்டியிருந்தது. பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே வெள்ளை அடித்தோம். மகன் எதிர்பார்த்த வழவழப்பு வராது. கை வைத்தால் லேசாக ஒட்டும். ஆனால் ஓதம் வந்தாலும் அடுத்த பொங்கலுக்கு ஒரு கை வெள்ளையடித்தால் போதும்.

ஆசாரியின் 12 அடி அலமாரி இந்தச் சுவரில்தான் முதுகை வைத்து நின்றிருக்கும். ஈரச் சுவர், காற்றில்லாத இடுக்கு, பிளைவுட். கரையானுக்கு இதைவிட நல்ல அழைப்பு வேண்டாம். நீர் தாங்கும் தரப் பலகையாக இருந்தாலும் ஓதத்தோடு ஒட்டி வைக்கக் கூடாது. கட்டில்களை மூன்று அங்குலம் தள்ளிப் போட்டதும் சுவருக்குக் காற்று படத்தான். தலையணை இடுக்கில் விழாமலிருக்க ஓரத்தில் ஒரு தேக்குச் சட்டம்.

தரை

பழைய சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, பல வருஷம் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாகியிருந்தது. அதன்மேல் டைல்ஸ் ஒட்டலாமா என்று கேட்டார்கள். நான் ஒப்பவில்லை. நீளவாக்கில் கோடுள்ள டைல்ஸ் போட்டால் அறை இன்னும் நீண்டு தெரியும். ஈரமானால் வழுக்கும் பளபள டைல்ஸும் பெரியவர்களுக்கு ஆகாது. மாற்ற வேண்டியிருந்தது ஒரு இடம்தான். கடைசி ஐந்தடி, பழைய சமையல் பகுதி, தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒன்றரை அங்குலம் பள்ளமாக இருந்தது. பெரியவரின் இரவுப் பாதையில் சரியாக நடுவில்! அதை நிரப்பி ஒரே மட்டமாக்கினோம். புது ரெட் ஆக்சைடு பழையதோடு நிறம் சேரவில்லை. வெளிர் சிவப்பில் ஒரு சதுரம் தெரிகிறது. மேஸ்திரி மெருகேற்றித் தருவதாகச் சொன்னார். காலம் பார்த்துக்கொள்ளும் என்று அப்படியே விட்டாயிற்று.

பாத்ரூம் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டினோம். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை விழுந்தவரே அடைத்துக்கொண்டிருப்பார். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பித் திறக்கக்கூடிய வகை. வயதானவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும், அறை குறுகலோ அகலமோ, இதைச் செய்துவிடுவது நல்லது.

ஃபேன், விளக்கு

பழைய ஃபேன் அறையின் நட்டநடுவில், கதவிலிருந்து ஒன்பதரை அடியில் தொங்கியது. புது ஏற்பாட்டில் இரண்டு தலையணைகளும் சந்திப்பது பன்னிரண்டு அடியில். ஃபேனைத் தலைக்கு நேரே கொண்டுவர வேண்டும். மெட்ராஸ் டெரஸில் கண்ட இடத்தில் கொக்கி அடிக்க முடியாது, செங்கல் உதிரும். மரக்கட்டையில்தான் பிடிக்க வேண்டும். கட்டைகள் குறுக்கே ஓடுவதால் நீளவாக்கில் எந்தக் கட்டையையும் தேர்ந்தெடுக்கலாம், அது வசதி. சரியான இடத்துக்கு அருகில் இருந்த கட்டையைக் குத்தூசி வைத்து உறுதி பார்த்து, இரும்புப் பட்டி சுற்றி, 1200 மில்லிமீட்டர் ஃபேனை மாட்டினோம். பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டடி இடைவெளி இருப்பதால் காற்று சுவரில் முட்டித் திணறவில்லை.

ஏசி பற்றிச் சுருக்கமாக. மேலே மாடி இருப்பதால் கூரைச் சூடு நேராக இறங்குவதில்லை, ஒரு டன் போதும். நீளச் சுவரில் மாட்டினால் காற்று ஏழடியில் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும். குட்டைச் சுவரில், ஜன்னலுக்கு மேல் மாட்டியதால் நீளவாக்கில் ஓடுகிறது. வெளி யூனிட் கொல்லையில், குழாயும் குட்டை.

விளக்கில்தான் இந்த மாதிரி அறைகள் அதிகம் கெடுகின்றன. நீளச் சுவரின் நடுவில் ஒரு டியூப்லைட், அவ்வளவோடு விட்டுவிடுவார்கள். நடுவில் கண் கூசும், இரண்டு கோடிகளும் இருட்டு. நாங்கள் அறையை மூன்றாகப் பிரித்தோம். பீரோவுக்கும் மெஷினுக்கும் நல்ல வெள்ளை விளக்கு, ஊசியில் நூல் கோக்க வேண்டுமே. ஒவ்வொரு தலைமாட்டிலும் மஞ்சள் சாயலில், 3000 கெல்வின், சுவர் விளக்கு ஒன்று. தெற்குச் சுவரில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஆள் அசைந்தால் தானாக எரிகிற சின்ன விளக்குகள் மூன்று. பெரியவர் காலைத் தரையில் வைத்தவுடன் பாத்ரூம் வரை வழி தெரியும், அம்மாவின் கண்ணில் படாது. கதவருகே ஒன்று, நடு மேஜைக்கு மேல் ஒன்று என்று இருவழி ஸ்விட்சும் உண்டு. படுத்த பிறகு விளக்கணைக்க யாரும் எழுந்திருக்க வேண்டாம்.

கண்ணாடி வைத்தால் அறை அகலமாகத் தெரியும் என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். இங்கே நீளச் சுவரில் கண்ணாடி வைத்தால் இரண்டு கட்டில் நான்காகும், அம்மா பயந்த வார்டு வந்துவிடும். பீரோக் கதவில் இருக்கிற கண்ணாடியே போதும். நடுவில் திரை போட்டுப் பிரிக்கலாம் என்று மருமகள் சொன்னதையும், மேற்கு ஜன்னல் வெளிச்சம் பாதியில் நின்றுவிடும் என்பதால் எடுக்கவில்லை.

குடிவந்த பிறகு

மழைக்காலம் முடிந்து ஒரு முறை போய்ப் பார்த்தேன். வடக்குச் சுவரில் பெரியவர் கட்டில் பக்கம் ஒரு கையகலத்துக்கு உப்பு பூத்திருந்தது. எதிர்பார்த்ததுதான், காரை உதிரவில்லை. நடு மேஜையில் தண்ணீர்ச் சொம்பு, மாத்திரை டப்பா, இரண்டு கண்ணாடிக் கூடு, ஒரு ரேடியோ, இரண்டு போன் சார்ஜர். மாத்திரை அட்டைகளை ஃபேன் காற்று தள்ளிவிடுகிறது என்று மேஜைக்கு ஓரக்கட்டை அடிக்கச் சொன்னார்கள்.

பெரிய மாற்றம் ஒன்றை அம்மாவே செய்திருந்தார். தலையணையை எடுத்துக் கிழக்குக் கோடிக்குக் கொண்டுபோய்விட்டார். தலைமாடுகள் சந்திக்கும் ஏற்பாட்டில் இருவர் தலைக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை, பெரியவரின் குறட்டை நேராகக் காதில் விழுந்திருக்கிறது. "ஒரே கட்டில்ல இருந்தப்போ தட்டித் திருப்பிப் படுக்க வெப்பேன். இப்ப கை எட்டல" என்றார். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஒரே உயரச் சட்டம் என்பதால் தலைகீழாக மாற்றிக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை. இப்போது இருவருக்குமே தலை கிழக்கே. சாஸ்திரப்படியும் இதுதான் உசத்தி என்று அவருக்கு இரட்டைத் திருப்தி.

ஆனால் ஃபேன் இப்போது அவர் கால்மாட்டில் இருக்கிறது. கிழக்குக் கோடியில் 400 மில்லிமீட்டர் சுவர் ஃபேன் ஒன்று போட வேண்டும், தலைமாட்டு விளக்கையும் ஸ்விட்சையும் ஆறடி நகர்த்த வேண்டும். வடக்குச் சுவரை வெட்டி ஒயர் பதிக்க நான் விடமாட்டேன். ஓத உப்பு பெட்டியையும் திருகையும் அரித்துவிடும். பரணின் அடிப்பலகையிலிருந்து, சுவரை வெட்டாமல் மேலாகவே பிவிசி பட்டையில் ஒயரை இறக்கச் சொல்லியிருக்கிறேன். தெற்குச் சுவரில் கைப்பிடிக் கம்பி வேண்டாம் என்று பெரியவர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார். அதற்கான மரப்பட்டியை மட்டும் இரண்டே முக்கால் அடி உயரத்தில் நீளமாக அடித்து வைத்திருக்கிறோம். இப்போதைக்கு அதில் துண்டும் குடையும் தொங்குகின்றன.